கூரை சொல்லும் கணக்கு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையையொட்டி, பழங்கோட்டையின் சிதைவுகளையும் முக்தியாசலேஸ்வரர் ஆலயத்தையும் சுமந்து நிற்கும் பெருமுக்கல் மலைமீது ஏறிக் கீழே நோக்குபவருக்கு, ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே கூரை, ஓடு, காங்கிரீட் தளம் என மூவகை வீடுகள் தென்படும். இப்பிரதேசத்தில் வாழ்வோர் எத்தனை பேர், அவர்களுடைய வரும்படி என்ன, குடியிருக்கும் வீடு எத்தகையது என்னும் மூன்று வினாக்களுக்கும் நம் அரசாங்கம் விடை காணும் முறை ஒன்றல்ல.

முதல் வினாவுக்கு விடை நேரானது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் ஜில்லாவில் 34,58,873 பேர் இருந்தனர். அவர்களுள் நூற்றுக்குச் சுமார் 15 பேரே நகரவாசிகள். திண்டிவனம் நகராட்சியின் தொகை 72,796. இதனோடு ஒப்பிட்டால், அமெரிக்காவின் மிகச் சிறிய பெருநகர்ப் பகுதிகளுள் ஒன்றான கார்சன் சிட்டியில் 2020-இல் இருந்தவர்களோ 58,639 பேர். அங்கே ஐம்பதாயிரம் பேரேனும் கொண்ட நகர்ப்புறத்தோடு, வேலைக்காக அதனுடன் போக்குவரவு கொண்ட சுற்றுவட்டாரத்தையும் இணைத்து ஒரே பகுதியாக எண்ணுகிறார்கள். இங்கோ, பெருமுக்கலிலிருந்து தினந்தோறும் பஸ் ஏறித் திண்டிவனத்தில் ஜீவனம் தேடுபவரும் கிராமக் கணக்கிலேயே சேருவார்.

இரண்டாவது வினாதான் சிக்கலானது. அமெரிக்காவில் வருஷந்தோறும் மாதிரிக் குடும்பங்களிடம் வருமானத்தையே கேட்கும் வழக்கம் இருக்க, நம் ஜனத்தொகைக் கணக்கில் அக்கேள்வி இல்லை. நடவுக்கும் அறுவடைக்கும் ஒரு கூலி, மல்லாட்டை பறிக்க ஒரு கூலி, மழைக்காலத்தில் வெறுங்கை என்றிருப்பவர் மாத வருமானம் என்று எந்தத் தொகையைச் சொல்வார்? ஆகையால், ஆறு மாதமேனும் வேலை இருந்ததா, அது சொந்தச் சாகுபடியா, விவசாயக் கூலியா, வேறு தொழிலா என்பதோடு கணக்கு நின்றுவிடுகிறது. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தேசத்தின் 200 ஜில்லாக்களில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டபோது விழுப்புரமும் அவற்றுள் ஒன்றாயிருந்ததே இப்பிரதேசத்தின் வரும்படிக் குறைவுக்கு ஒரு சாட்சி.

கேட்காத வருமானத்தை, மூன்றாவது வினாவின் வழியாகவே ஊகித்துவந்தோம். தரை மண்ணா சிமெண்டா, மேலே பனையோலையா ஓடா தளமா, அறைகள் எத்தனை, கழிப்பறை உண்டா, அடுப்பு எரிவது விறகிலா என்று வீட்டுக் கணக்கெடுப்பாளர் குறித்துக்கொள்ளும் விவரங்களே வறுமையின் அளவுகோலாயின. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில், அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஃபெஞ்சல் புயலும், கூரை வீட்டின் விலை என்ன என்பதைக் குடியிருந்தோருக்கு உணர்த்திச் சென்றன.

ஆனால் அந்த அளவுகோல் இப்போது மாறிவருகிறது. 2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் முதல், 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தந்து 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகத்தை இலக்காக வைத்துள்ள கலைஞரின் கனவு இல்லம் வரை, கூரைகள் தளங்களாகி வருகின்றன. இது நன்மையே, எனினும் மானியத்தோடு கடனும் சேர்த்து எழும்பிய தளத்தின் கீழே அடுப்பெரிக்கும் கூலி உயர்ந்துவிட்டது என்று அதைக் கொண்டு முடிவு கட்டலாகாது.

வருமானத்தைக் கிராமத்தில் கேட்டறியவே இயலாது என்பதும் சரியன்று. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணாக்கர்கள் 1916-இல் ஆராய்ந்த கிராமங்களுள் ஒன்று, இதே ஜில்லாவின் இருவேல்பட்டு. நிலம், கூலி, கடன் ஆகியவற்றை வெவ்வேறு காலத்து ஆய்வாளர்கள் அங்கே மீண்டும் மீண்டும் விசாரித்து, 2008 வரை தொடர்ந்திருக்கிறார்கள். 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு வரவிருக்கும் கணக்கில் பெருமுக்கலின் தளங்கள் மிகுந்திருக்கக்கூடும். அவற்றை எண்ணுவோர் மேலே அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல், திண்ணையில் சற்று அமர்ந்து கூலியையும் கடனையும் விசாரிப்பதே முறையாகும்.