கண்ணை மூடிக்கொண்டும் பயிற்சி செய்யலாமா?

செய்யலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசியில் எதிரே இருந்த சுவரே அவருக்குத் தெரியவில்லை. அவர் பதறவில்லை; கைவீச்சுகளை எண்ணியபடியே போய்ச் சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 விநாடி, உலக சாதனை! சிறுவயதிலிருந்தே பயிற்சியாளர் பாப் போமேன் அவரைத் தூங்கும் முன்பும் விழித்ததும் பந்தயம் முழுவதையும் மனத்தில் ஓட்டிப் பார்க்க வைத்திருந்தார். எது தவறினால் என்ன செய்வது என்பதும் அதில் அடக்கம்.

இந்த மனப்பயிற்சி ஏன் பலிக்கிறது? ஓர் அசைவை ஆழ்ந்து கற்பனை செய்யும்போது, அதைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளில் பல, நிஜமாகவே செய்வதுபோல இயங்குகின்றன. தசைக்குப் போகும் கட்டளை மட்டும் பெரும்பாலும் தடுக்கப்படுகிறது.

எப்படிச் செய்வது? கால்பந்தில் பெனால்டி கிக்கைத் தடுக்கப் பழகும் சிறுமி, கோப்பை வாங்கும் காட்சியை நினைத்தால் மட்டும் போதாது. உதைப்பவரின் ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்புகிறது, இடுப்பு எப்படிச் சாய்கிறது, உடனே தான் எங்கே பாய வேண்டும் என்பதை நிஜ வேகத்தில், கையுறை மாட்டி, நின்றபடியே மனத்தில் பார்க்க வேண்டும். அந்தக் குறி தெரிந்ததும் முடிவெடுக்க அவளுக்கு அப்படித்தான் பழகும்.

உடற்பயிற்சிக்கு இது மாற்று அல்ல, துணை. பயிற்சியாளர்களே, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் முன் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.