சுவர் உலரட்டும்

2018 ஆகஸ்டில், செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. அம்மாதமே மூணாற்றில் முதிரப்புழையும் பாலக்காட்டில் கல்பாத்திப்புழையும் கரை கடந்து வீடுகளுக்குள் புகுந்தன. வெள்ளம் சில நாட்களில் வடிந்தது. சுவர் குடித்த ஈரம் அவ்வளவு விரைவில் வெளியேறுவதில்லை.

சேற்றை அகற்றுமுன் சேதத்தைப் படமெடுத்து, நீர் நின்ற உயரத்தையும் குறித்துக்கொள்வோம். காப்பீடு கோருகையில் அவை சான்றாகும். மின்பணியாளர் சோதிக்கும்வரை மெயின் சுவிட்சைப் போடலாகாது. உப்பிய பூச்சை உதிர்த்துவிட்டு, சன்னல்களைத் திறந்து வைப்போம்.

அவ்வாண்டு ஓணம் ஆகஸ்ட் 25 அன்று வந்தது. பண்டிகைக்கென்று ஈரச்சுவரில் வண்ணம் பூசத் தோன்றுவது இயல்பே. ஆயினும் ஈரம் அடைபட்டு, உப்புப் பூத்து, வண்ணம் உரிந்துவிடும். செலவும் இருமுறை. ஐயமிருப்பின் பாலித்தீன் தாளொன்றை நான்கு ஓரமும் அடைத்துச் சுவரில் ஒட்டி, ஓரிரவு விட்டுப் பார்க்கலாம். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்த்துளி அரும்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று உதவும். மூணாற்றின் மூடுபனியிலோ கூடுதல் காலம் பிடிக்கும்.

அப்போது குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் வழியாக வங்கிகள் 1 லட்சம் ரூபாய் வரை கடன் அளித்தன. வட்டியை மாநில அரசு ஏற்றது. இத்தகைய கடன் கைக்கு வரும்போது மின்கம்பிகளையும் பூச்சையும் முதலில் கவனிப்போம். வண்ணம் கடைசியில்தான்.