பெரிய பூ, பதர் விதை

மாடித் தோட்டத்தில் வைத்த சூரியகாந்தி ஒரு சாண் அகலத்துக்குப் பூத்தும், உள்ளே விதையெல்லாம் பதராகிவிட்டதாம். எந்த இயற்கை உரம் போடலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. மட்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலந்த மண்ணே இந்தச் செடிக்குத் தாராளம். குறை உரத்தில் இல்லை. பூவுக்குத் தேனீ வரவில்லை, அவ்வளவுதான்.

சூரியகாந்தியின் நடுவட்டத்தில் உள்ள குட்டிப் பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி, நாளுக்குச் சில வரிசைகளாக விரியும். ஒவ்வொன்றும் முதலில் மகரந்தம் தரும். அதன் சூல்முடி மறுநாள்தான் தயாராகும். தன் மகரந்தத்தையே ஏற்காத ரகங்களும் உண்டு. ஒற்றைச் செடியாக வைக்காமல் நாலைந்தை ஒரே சமயத்தில் விதையுங்கள்.

இளஞ்செடி சூரியனோடு திரும்புவதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்கிறது, தலை மேற்கே சாய்கிறது. இடப்பக்க மாடு எட்டி நடந்தால் வண்டி வலப்பக்கம் திரும்புமே, எங்கள் ஊர் வண்டிப்பாதையில் பார்த்தது, அந்தக் கணக்குதான். இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து, விடிவதற்குள் தலை மறுபடி கிழக்கே வந்துவிடும். முழுதாக மலர்ந்த பிறகோ இந்த ஆட்டம் நின்று, பூ கிழக்கு பார்த்தே நிலைத்துவிடுகிறது. ஏன் கிழக்கு? கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டேசி ஹார்மர் குழுவினர் சில தொட்டிகளை மேற்கு நோக்கித் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, கிழக்கு பார்த்த பூக்களுக்கு ஐந்து மடங்கு அதிகப் பூச்சிகள் வந்தன. காலை வெயிலில் அவை சீக்கிரம் சூடேறுவதே காரணம். மேற்கு பார்த்த பூக்களை ஹீட்டர் வைத்துச் சூடாக்கியதும் அங்கேயும் கூட்டம் கூடியது!

இப்படித் தேனீக்காகவே காத்து நிற்கும் பூவின் மேல், இயற்கை மருந்துதானே என்று காலை பத்து மணிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிறோம். புழு இருந்தால் சாயங்காலம் இலையில் அடியுங்கள், பூவை விட்டுவிடுங்கள். கடையில் சாயம் பூசிய விதை தந்தால் வாங்காதீர்கள். அது மருந்து ஏற்றிய விதை. அந்த மருந்துகளில் ஒன்றான இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஏறி மகரந்தம்வரை போகும். சூரியகாந்தி விதைக்கு அதைப் பூசுவதை 1999லேயே பிரான்ஸ் நிறுத்திவைத்தது. நம்மூரில் இன்னும் புழங்குகிறது.

தேனீயே எட்டிப் பார்க்காத மாடி என்றால், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் மல் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவாக மெல்லத் தடவிவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். பூவின் முதுகு எலுமிச்சை மஞ்சளானதும் அறுக்கலாம். கிளி வரும் ஊரானால் விதை பிடிக்கும்போதே வலைத்துணியால் மூடிக் கட்டிவிடுங்கள்.