எங்கே நிறுத்தினாலும் ஆடியவர்

பேஸ்பால் களத்தில் ஒன்பது இடங்கள். பல வீரர்கள் அதில் ஓர் இடத்தை இளமையிலேயே பிடித்துக்கொண்டு, அதை விட்டு எளிதில் நகர்வதில்லை. எந்த இடமும் நிலைக்காதவர் 'யூட்டிலிட்டி' வீரர். யாருக்காவது அடிபட்டால் இறக்குவார்கள். மற்ற நாட்களில் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். அந்த மதிப்பீட்டை மாற்றிக் காட்டியவர் பென் ஸோப்ரிஸ்ட்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் யுரேகா என்ற சிற்றூர்க்காரர். தந்தை சபைப் போதகர். பள்ளிப் படிப்பு முடிந்தபோது எந்தக் கல்லூரி அணியும் அவரைத் தேடி வரவில்லை. கையில் இருந்த பிறந்தநாள் பணத்தில் 50 டாலர் கட்டி ஒரு தேர்வு முகாமுக்குப் போனார். கல்லூரி வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது. 2004-ல் தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி ஆறாவது சுற்றில் அவரை எடுத்தது. 2006-ல் டாம்பா பே அணிக்கு மாற்றப்பட்டார்.

அங்கே பயிற்சியாளர் ஜோ மேடன் அவரை இன்று இரண்டாம் பேஸ், நாளை வலது அவுட்ஃபீல்ட் என்று மாற்றி மாற்றி நிறுத்தினார். கேட்கும்போது எளிதாகத் தெரியலாம். ஆனால் இரண்டாம் பேஸில் ஓடி வருபவர் சறுக்கியபடி பாய்ந்து வரும் நொடியில் பந்தை வாங்கி, திரும்பி, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். அவுட்ஃபீல்டில் மட்டையில் பட்ட சத்தத்திலேயே பந்து எங்கே விழும் என்று கணித்து ஓட வேண்டும். கையுறையின் அளவுகூட வேறு. இத்தனைக்கும் நடுவில் பேட்டிங் குறையக் கூடாது. 2009-ல் பந்து வீசுபவர், கேட்சர் இடங்கள் தவிர மற்ற எல்லா இடங்களிலும் ஆடிய ஸோப்ரிஸ்ட், 27 ஹோம்ரன் அடித்து ஆல்ஸ்டார் அணிக்கும் தேர்வானார். இடக்கையாலும் வலக்கையாலும் மட்டை பிடிக்கத் தெரிந்தவர் என்பதால், எதிரணி யாரைப் பந்து வீச அனுப்பினாலும் அவரை உட்கார வைக்கத் தேவையில்லை.

2015-ல் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியுடன், அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை வென்றார். அந்த டிசம்பரில் சிகாகோ கப்ஸ் 4 ஆண்டுகளுக்கு 5.6 கோடி டாலர் கொடுத்து அவரை அழைத்தது. அவருக்கு இடம் தர, ஸ்டார்லின் காஸ்ட்ரோ என்ற ஆல்ஸ்டார் வீரரையே வேறு அணிக்கு அனுப்பியது. யூட்டிலிட்டி வீரருக்காக நட்சத்திர வீரரை நகர்த்துவது எப்பேர்ப்பட்ட மாற்றம்!

ஆனால் 2016 உலகத் தொடர் வந்தபோது இரண்டாம் பேஸில் இளைஞர் ஹாவியர் பயஸ் நின்றார். ஸோப்ரிஸ்ட் இடது அவுட்ஃபீல்டுக்குப் போனார். நவம்பர் 2 இரவு, கிளீவ்லேண்டில் ஏழாவது ஆட்டம், 6-6 சமநிலை. 17 நிமிட மழை இடைவேளைக்குப் பின் பத்தாவது இன்னிங்ஸ். அவர் இடது கோட்டையொட்டி அடித்த பந்தில் முன்னிலை ரன் வந்தது. கப்ஸ் 8-7 என வென்றது. 108 ஆண்டுகளில் அந்த அணிக்கு முதல் பட்டம். தொடரின் சிறந்த வீரரும் அவரே.

2019-ல் அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது. சிறந்த களத்தடுப்புக்கான கோல்டு கிளவ் விருது யூட்டிலிட்டி வீரர்களுக்கென்று தனியாக 2022-ல்தான் தொடங்கியது. பேஸ்பால் புகழரங்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாக்கெடுப்பில் முதல் ஆண்டே பட்டியலிலிருந்து நீங்கிவிட்டார். ஒரே இடத்தில் நின்றவர்களை அளக்கும் கோலால் அவரை அளந்தது நியாயமில்லை என்பதே என் கருத்து.