கத்தரியோடு குதித்த கர்னல்

பாராசூட் படை அதிகாரி என்றதும் துப்பாக்கியோடு குதிப்பவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் ராணுவ டாக்டர். 1941-இல் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இந்திய வீரர்கள் இருவர். ஒருவர் அவர், மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்.

படைவீரர்கள் கூட்டமாகக் குதிக்கும்போது, குடையை விரிக்க யாரும் தன் கையால் எதையும் இழுப்பதில்லை. விமானத்துக்குள் நீளவாக்கில் ஓர் எஃகுக் கம்பி கட்டியிருக்கும். முதுகிலுள்ள பாராசூட் பையிலிருந்து வரும் நாடாவின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டு வரிசையாக வாசலை நோக்கி நகர்வார்கள். வெளியே விழுந்ததும் வீரரின் எடையே நாடாவை இழுத்துக் குடையை உருவிவிடும். சில வினாடிகளில் அது விரிந்துவிடும். அதனால்தான் சுமார் ஆயிரம் அடி உயரத்திலிருந்தே குதிக்க முடிகிறது. தாழ்வாகக் குதித்தால் எதிரிக்குக் குறிபார்க்க அவகாசம் குறையும். காற்றும் ஆட்களை அதிகம் சிதறடிக்காது. தரையைத் தொடும் வேகம் வினாடிக்கு ஆறேழு மீட்டர். ஏழெட்டு அடிச் சுவரிலிருந்து குதிப்பது போன்ற அதிர்ச்சி அது. கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்றே மடக்கி, கெண்டைக்கால், தொடை, முதுகு என்று உருண்டு விழக் கற்றுக்கொடுப்பதற்குக் காரணம் அதுதான்.

டாக்டருக்கு வேலையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கொரியப் போரின்போது, 1951 மார்ச் 23 அன்று முன்சான்-னியில் அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் குதித்தார்கள். அவர்களோடு லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜும் அவரது 60-ஆவது இந்தியப் பாராசூட் கள மருத்துவப் பிரிவினரும், மொத்தம் 12 பேர், குதித்தார்கள். இறங்கிய இடத்திலேயே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தொடங்கியது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1950 டிசம்பரில் நடந்தது. சீனப் படை நெருங்கியதால் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கைக் காலி செய்ய உத்தரவு வந்தது. ரங்கராஜின் பிரிவுக்கு வண்டிகள் இல்லை. மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டுப் போவதுதான் எளிய வழி. அவர்கள் மறுத்துவிட்டார்கள். கைவிடப்பட்டிருந்த ஒரு நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ரயிலோட்டத் தெரிந்த தங்கள் ஆட்களைக் கொண்டே கிளப்பினார்கள். பாலங்கள் தகர்க்கப்படுமுன் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். கருவிகள் இல்லாத மருத்துவப் பிரிவு யாருக்கு உதவும்? ரங்கராஜுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

கொரியப் பணிக்காக அவருக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. பின்னாளில் உலக சுகாதார அமைப்பில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணிக்கு ஆலோசகராகச் சென்றார்.