ரோஸ்டர் யார் கையில்?

1950-களின் தொடக்கத்தில் கொச்சியின் மட்டாஞ்சேரியில் கப்பல் வேலை வேண்டுமென்றால் ‘சாப்பா’ கையில் இருக்க வேண்டும். சாப்பா ஓர் உலோக வில்லை. அதைக் காட்டினால்தான் கப்பலில் ஏறிச் சரக்கு தூக்கலாம். கூடியிருக்கும் கூட்டத்தின் நடுவே ஒப்பந்தக்காரரின் கங்காணி வில்லைகளை வீசி எறிவார். முட்டி மோதிப் பொறுக்கியவருக்கு அன்று கூலி, மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. இந்த முறையை எதிர்த்துக் கொச்சித் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைது, சைதலவி இருவரும் குண்டுக்குப் பலியானார்கள், ஆண்டனி போலீஸ் சித்திரவதையால் இறந்தார். ராஜீவ் ரவி இயக்கி 2023-இல் வெளிவந்த ‘துறமுகம்’ படத்தின் கதை இதுதான்.

அந்தப் போராட்டத்தைக் கூலி உயர்வுப் போராட்டம் என்று மட்டும் நினைப்பது பாதி உண்மைதான். யாருக்கு, எந்த முறையில், யார் வேலை கொடுப்பது என்பதே அங்கே சண்டை. துறைமுகத் தொழிலாளர்களுக்காக 1948-இலேயே ஒரு மத்தியச் சட்டம் இருந்தது. அதன்கீழ் வந்த திட்டங்கள் மூன்று விஷயங்களைச் செய்தன. தொழிலாளர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றின. முறை வைத்து வேலை கொடுத்தன. கப்பல் வராத நாளுக்கும் குறைந்தபட்சம் ஏதோ ஒரு தொகைக்கு உத்தரவாதம் தந்தன. பதிவேடு, முறை, உத்தரவாதம் என்ற இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால், இன்றைய விமானி முன் நீட்டப்படும் ரோஸ்டர் (பணிப் பட்டியல்) ஒப்பந்தத்தைப் படிப்பது சுலபம்.

மட்டாஞ்சேரிப் பாலத்தைத் தாண்டினால் வில்லிங்டன் தீவு. 1999-இல் நெடும்பாசேரி நிலையம் திறக்கும் வரை கொச்சியின் விமானங்கள் துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தீவில்தான் இறங்கின. இரண்டு தொழில்களும் அருகருகே இருந்தன, ஆனாலும் ஒரே வகைக் கேள்வி இரண்டிலும் எழும் என்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். லட்சங்களில் சம்பளம் வாங்கும் கேப்டனுக்கும் சாப்பா பொறுக்கியவருக்கும் என்ன ஒப்புமை என்று இன்றும் சிலர் முகம் சுளிக்கலாம். 2024-இல் நடந்தவற்றைப் பார்த்தால் ஒப்புமை தெரியும்.

ஏர் இந்தியாவுடன் இணையவிருந்த விஸ்தாரா நிறுவனம் அந்த ஆண்டு தன் விமானிகளிடம் புதிய ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 70 மணி நேரத்துக்கு என்றிருந்த நிலையான சம்பளம் 40 மணி நேரத்துக்கு என்று குறைந்தது. அதற்கு மேல் பறந்தால் தனிக் கணக்கு. துறைமுகத்தின் ‘உத்தரவாத’க் கேள்விதான் இது, தொகைதான் வேறு. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பல விமானிகள் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. தலைமைச் செயல் அதிகாரி வினோத் கண்ணன் விமானிகளைச் சந்தித்துப் பேசினார். ரோஸ்டர்களில் நெருக்கடி இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டு, நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களைக் குறைத்தது. பெரும்பான்மையோர் கையெழுத்தும் போட்டார்கள். அப்படிப் போட்டவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேலையை விட வேண்டுமென்றால் கேப்டன் ஓராண்டுக்கு முன்பும் கோ-பைலட் ஆறு மாதத்துக்கு முன்பும் அறிவிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2017-இலேயே விதி போட்டிருக்கிறது. கதவு இருக்கிறது, அது திறக்க ஓராண்டு ஆகும்.

அடுத்த மாதமே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் கேபின் ஊழியர்கள் கூட்டமாக விடுப்பு எடுத்தார்கள். கொச்சி, கண்ணூர், கோழிக்கோட்டில் வளைகுடாவுக்குப் போகவேண்டியவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். விசா முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் உண்டு. நிறுவனம் 25 பேரை வேலையை விட்டு நீக்கியது. 2024 மே 9 அன்று டெல்லியில் மத்தியத் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் பேச்சு நடந்து, நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தின் எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். விமானப் போக்குவரத்தில் தொழில் தகராறு மாநில அரசின் கையில் இல்லை, மத்திய அரசின் கையில் இருக்கிறது. எர்ணாகுளம் பகுதியில் இருப்பவர் போகவேண்டியது காக்கநாட்டில் உள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு.

இதுவரை பணம், வேலை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 7 இரவு துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் மழையில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை விமானி நடைமுறையை மீறித் தரையிறங்கியதையே காரணமாகச் சொன்னது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் எழுதி வைத்தது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்பும் விமானத்துக்கும் அதே கேப்டனைத்தான் போட்டிருந்தார்கள். கோழிக்கோட்டைத் தளமாகக் கொண்டவர்களின் பட்டியலில் 26 கோ-பைலட்டுகளுக்கு ஒரே ஒரு கேப்டன். வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் மறுநாள் வேலை நேரக் கணக்கு இடிக்கும். எப்படியாவது இங்கேயே இறங்க வேண்டும் என்ற உந்துதல் அவருக்கு இருந்திருக்கிறது என்றும், கேப்டன் பற்றாக்குறைக்கு நிறுவனத்தின் ஆள் நியமனக் கொள்கையே காரணம் என்றும் அறிக்கை குறிப்பிட்டது. குளிரூட்டிய அலுவலகத்தில் யாரோ நிரப்பிய ஒரு கட்டம், மழை இரவில் காக்பிட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரோஸ்டர் வெறும் நிர்வாகக் காகிதம் என்பவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை புரட்டினால் போதும்.

அதற்குப் பத்தாண்டுக்கு முன், 2010 மே 22 விடியலில், அதே துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டன் தூங்கியிருந்தார் என்பது பதிவுக்கருவியில் தெரிந்தது. தூக்கம் கலைந்த மந்தத்தில் எடுத்த முடிவுகள் தவறிப்போயின. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே மனித உடம்பு எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாது.

இந்தப் பின்னணியில்தான் டிஜிசிஏ 2024 ஜனவரியில் புதிய பணிநேர விதிகளை அறிவித்தது. நிறுவனங்கள் எதிர்த்ததால் அவை தள்ளிப்போயின. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமானது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 வரை என்று நீண்டது. இரவுப் பணியில் ஆறு தரையிறக்கம் வரை இருந்த இடத்தில் இரண்டுதான் என்றானது. இத்தனை கால அவகாசம் இருந்தும், உள்நாட்டுச் சந்தையில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் இண்டிகோ போதிய ஆள் இல்லாமல் டிசம்பரில் தடுமாறியது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. அரசு என்ன செய்தது? வார ஓய்வுக்குப் பதில் விடுப்பைக் கணக்கில் காட்டக்கூடாது என்ற பிரிவைத் திரும்பப் பெற்றது. இண்டிகோவுக்கு இரவுப் பணி விதிகளில் 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கொடுத்தது. பயணிகளின் அவதி உண்மைதான். ஆனாலும் ஆள் எடுக்காத நிறுவனத்துக்குச் சலுகையும் தூக்கம் கேட்ட விமானிக்குக் காத்திருப்பும் என்றால், அடுத்த நிறுவனம் எதைக் கற்றுக்கொள்ளும்?

புதிய மென்பொருள் வந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்களும் உண்டு. விமானிகள் தங்கள் விருப்பங்களைக் கணினியில் பதிய, பணிமூப்பு வரிசையில் ரோஸ்டர் உருவாகும் முறை அமெரிக்காவில் பல காலமாக இருக்கிறது. அங்கேயும் 2017-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கணினி, கிறிஸ்துமஸ் காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் விடுமுறை கொடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும், கூடுதல் சம்பளம் தந்து வேலைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் தவறு எதிர்ப்பக்கம் நிகழ்ந்தது. ஏர் இந்தியா ஒரு பணி ஒதுக்கீட்டு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பிறகு நடந்த ஆய்வில், தகுதியும் அண்மையில் பறந்த அனுபவமும் சரிபார்க்கப்படாமல் ஆட்களை ஜோடி சேர்த்திருந்தது வெளிப்பட்டது. 2025 ஜூனில் மூன்று அதிகாரிகளை ரோஸ்டர் பொறுப்பிலிருந்து விலக்கும்படி டிஜிசிஏ உத்தரவிட்டது.

ஆகவே ஒப்பந்தம் கைக்கு வந்தால் சம்பளப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு மற்ற பக்கங்களை முதலில் படியுங்கள். உத்தரவாத மணி நேரம் எவ்வளவு என்பது சுலபமாகக் கண்ணில் படும். கண்ணில் படாதது ஸ்டாண்ட்பை. வீட்டில் போனைப் பார்த்தபடி காத்திருக்கும் நேரம் பணியா, ஓய்வா, அதற்குக் காசு உண்டா? வெளியிட்ட ரோஸ்டரை எத்தனை மணி நேரத்துக்கு முன்புவரை மாற்றலாம், மாற்றினால் அதற்கு ஏதாவது ஈடு உண்டா? கணினி போட்டதை மனிதர் ஒருவர் திருத்தினால் யார் திருத்தினார், ஏன் திருத்தினார் என்பது பதிவாகுமா? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் மற்றதைவிட முக்கியமாகப்படுகிறது. பதிவு இல்லாத இடத்தில் வேண்டியவருக்குப் பகல் விமானமும் வேண்டாதவருக்கு இரவு விமானமும் போகும், கேட்டால் மென்பொருள் என்பார்கள். ‘நிறுவனத்தின் தேவைக்கேற்ப அவ்வப்போது மாற்றியமைக்கப்படும்’ என்ற ஒரு வரி இருந்தால், அதற்கு மேலே எழுதியிருப்பது அத்தனையும் அந்த வரியின் தயவில்தான் நிற்கிறது. அதை நீக்கச் சொல்லுங்கள், அல்லது சங்கத்தின் ஒப்புதலோடு மட்டுமே மாற்றலாம் என்று சேர்க்கச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் சோதனை, பிறகு மறுபரிசீலனை என்ற பிரிவையும் கேட்கலாம். கேட்பதற்குக் காசில்லை.

சட்டம் எந்த அளவுக்குத் துணை வரும்? தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. பணி நேரம், இடைவேளை போன்ற நிபந்தனைகளை மாற்ற நிறுவனம் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது அதன் 40-ஆம் பிரிவு. முந்தைய சட்டத்திலும் இது இருந்தது. விமானி ‘தொழிலாளி’ அல்ல, அதனால் இது பொருந்தாது என்று நிறுவனத் தரப்பு வாதிடுவது வழக்கம். விமானிகளும் தொழிலாளர்களே என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே அந்த வாதத்தைக் கேட்டுப் பின்வாங்க வேண்டியதில்லை. தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை உறுப்பினர்களாகக் கொண்ட சங்கமே பேச்சு நடத்தும் சங்கம் என்பதால், உதிரியாக நிற்பது இனி முன்னைவிடப் பலவீனம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தமாகவே இந்தத் தொகுப்பு கருதுகிறது. 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம், சமரசப் பேச்சு நடக்கும்போதும் அப்படியே. 2024-இல் நடந்ததை அப்படியே இன்று திரும்பச் செய்ய நினைப்பவர் வழக்கறிஞரைப் பார்க்காமல் செய்யக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ‘நாளைக்கு எல்லோரும் சிக்’ என்று வரும் செய்தி, நாளை விசாரணையில் ஆவணமாக வந்து நிற்கும்.

உண்மையிலேயே களைப்பாக இருப்பவரின் நிலை வேறு. களைப்போடு பறக்க மறுப்பது விமானியின் உரிமை மட்டுமல்ல, விதிப்படி அவர் கடமை. களைப்பு அறிக்கையை அன்றே எழுத்தில் கொடுத்து, தூங்கிய நேரம், எழுந்த நேரம், முந்தைய மூன்று நாள் பணி ஆகியவற்றைக் குறித்து, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். களைப்பு அறிக்கைகளின் விவரத்தை நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை டிஜிசிஏவுக்கு அனுப்ப வேண்டும் என்பது புதிய விதிகளில் உண்டு. பெயரில்லாத முணுமுணுப்பு அந்தக் கணக்கில் ஏறாது. அறிக்கை கொடுத்ததற்காகச் சம்பளப் பிடித்தமோ தண்டனை ரோஸ்டரோ வந்தால், சங்கத்தின் வழியாகத் தொழிலாளர் ஆணையரிடம் போக அதுவே ஆதாரம்.

பயணிக்கு ஒரு சொல். சரியான முன்னறிவிப்பு இல்லாமல் விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். அதோடு பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்ட இழப்பீடும் உண்டு. இயற்கைச் சீற்றம், வேலைநிறுத்தம் போன்றவை வந்தால் நிறுவனத்துக்கு இழப்பீட்டிலிருந்து விலக்கு. அதனால்தான் ‘தவிர்க்க இயலாத காரணம்’ என்று குறுஞ்செய்தி வருகிறது. பணிநேர விதி மாறப்போவது ஓராண்டுக்கு முன்பே தெரிந்தும் ஆள் எடுக்காதது தவிர்க்க இயலாததா என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு. ஏர்சேவா செயலியில் புகார் பதிந்து, பதில் திருப்தியில்லை என்றால் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கவுன்டரை விட்டு நகரும் முன், ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இழப்பீடு கிடைப்பது அந்த ஒரு வரியைப் பொறுத்தது.