ஜப்பானும் ஒரு டேங்கர் லோடும்!

"புழலுக்குப் போறேன்" என்று சொன்னாலே, "எத்தனை வருஷம் சார்?" என்கிறார்கள். ஜெயிலுக்கு இல்லீங்க, அக்கா வீட்டுக்கு!

அங்கே அக்கா பையன் கம்ப்யூட்டரில் இரண்டாம் உலகப் போர் நடத்திக்கொண்டிருந்தான். 'வார் இன் த பசிஃபிக்' என்ற விளையாட்டு. அவன் ஜப்பான் கட்சி.

"சண்டை போடாம என்னடா கணக்குப் பிள்ளை மாதிரி?"

"ஜப்பானை எடுத்தா ஃபாக்டரியையும் நாமதான் மாமா ஓட்டணும். எண்ணெய் கப்பல்ல வரணும். அது வந்தாத்தான் ஃபாக்டரி ஓடும், விமானம் பறக்கும்."

நிஜத்திலும் அதே கதைதான். 1941-ல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. 1942-ல் ஜப்பான், சுமத்ராவில் பாலெம்பாங் எண்ணெய் வயல்களைப் பிடித்தது. அந்த ஏப்ரலில் 'ஜப்பான்காரன் வர்றான்' என்று சென்னையே மூட்டை கட்டியது. எங்கள் பாட்டியும் ராயபுரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கைக்குழந்தையோடு ஓடினாள்.

ஆனால், பிடித்த எண்ணெய் ஊர் போய்ச் சேரவில்லை. டேங்கர் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் வரிசையாக மூழ்கடித்தன. 1944-ல் ஜப்பான் செய்த விமானங்கள் சுமார் 28,000. அமெரிக்காவோ 96,000! செய்ததை ஓட்டிப் பழகவும் பெட்ரோல் பற்றாக்குறை.

பையனும் விமான ஃபாக்டரிகளை இரண்டு மடங்காக்கிவிட்டு விழித்துக்கொண்டிருந்தான். மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் அவன் அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஃபாக்டரி இருக்கட்டும்டா, லோடு எங்கே?"

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. "ஜப்பான் தோத்துப்போச்சு மாமா!"

"நல்லவேளைடா! ஜெயிச்சிருந்தா பாட்டி ராயபுரம் திரும்பியிருக்கவே மாட்டா!"